செம்பட்டை

வெளியே மைனஸ் இருபத்தொன்பது.
வினிபெக், சார்ஜென்ட் அவென்யூ.
மாரிவிக் ஒரு வளையத்தை நீட்டுகிறாள்
சாவிக்கொத்து மாதிரி,
சாவிக்குப் பதில் முடிக்கற்றைகள்.

கேரமல், என்கிறாள். எனக்கு அது கருப்பட்டி.
ஹனி, என்கிறாள். போத்தலின் அடியில் உறைந்த தேன்.
மஷ்ரூம் பிரவுன்: மழையே பார்க்காத சிமெண்ட்.
பர்கண்டி வேண்டாம்,
என் நாத்தனார் பூசியிருக்கிறாள்.

ஃபாயில் போட்டால் கோடு கோடாக விழும்,
கணக்கு நோட்டு மாதிரி கண்டிப்பாக.
ஓம்ப்ரே என்றால் வேரில் இரவு, நுனியில் விடியல்,
வளர்ந்தாலும் அசிங்கமாகாது, செலவு கம்மி.
பாலயாஜ் கையாலேயே தீட்டுவது.
பிரெஞ்சில் அதற்குப் பெருக்குதல் என்று பொருளாம்,
ஆற்றுக்கு அந்தப் பக்கம் படித்தவள் சொல்கிறாள்.
இருபத்திரண்டு வருஷமாகப் பெருக்குகிறேன்,
ஒருத்தரும் இருநூற்றறுபது டாலர் தந்ததில்லை.
சிரித்ததில் வளையம் மடியிலிருந்து விழுந்தது.

எங்கே தெரியணும், என்று கேட்டாள்.
அதற்குத்தான் பதில் இல்லை.
காலை ஆறிலிருந்து இரண்டரை வரை
பெரோகி ஆலையில், நீல வலைக்குள் என் தலை.
நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை
கம்பளித் தொப்பிக்குள்.
மிச்ச நேரம் கொண்டைக்குள்.
கூட்டிக் கழித்தால்
குளியலறைக் கண்ணாடியில் நாலு நிமிஷம்.
அந்த நாலு நிமிஷத்துக்குப் போடு, என்றேன்.

குணாளன் காலையிலேயே கேட்டார், எதுக்கு இப்போ?
எதுக்குன்னு ஒண்ணும் இல்லை.
பனி தள்ளும் இயந்திரத்துக்கு அவர்
தீச்சுவாலை ஸ்டிக்கர் ஒட்டியபோது நான் கேட்டேனா.

தலையை ஐந்தாகப் பிரித்து கிளிப் போட்டாள்.
இதற்கு எங்களிடம் ஐம்பால் என்று ஒரு சொல் உண்டு,
சொல்ல வந்தேன், அவள் வாயில் இன்னும் மூன்று கிளிப்.
என் பெயரிலேயே கூந்தல் இருக்கிறது, பூங்கோதை.
அவள் நாக்கில் கோதை கோடையாகிவிடும்.
இந்தக் குளிரில் என்னைக் கோடை என்று கூப்பிடும்
ஒரே ஆள்.

மை என்றும் கார் என்றும்
எத்தனை பேர் எழுதி எழுதிக் கறுப்பாக்கிய முடி!
ப்ளீச்சுக்கு இலக்கியம் தெரியாது.
இருபது வால்யூம், ஐம்பது நிமிஷம்.
உன் முடிக்குப் பிடிவாதம் அதிகம், என்றாள்,
முதலில் சிவக்கும், அப்புறம் ஆரஞ்சு,
மஞ்சள் வந்த பிறகுதான் கேரமல் ஏறும்.
நடுவில் பார்த்துத் தொலைக்காதே.

பார்த்தேன்.
ஒரு தாளை விரலால் விரித்து, திருட்டுத்தனமாக.

சொல் தானாக வந்தது: செம்பட்டை.
எண்ணெய் காணாத தலைகளைத் திட்டுகிற சொல்.
பரட்டையோடு கைகோத்து வருமே, அது.
அவள் வளையத்தில் இல்லாத நிறம்.
ஈரமாக, முரட்டுத்தனமாக,
காய்ச்சின செம்புக்கம்பி ஒன்று
என் காதோரம் கிடந்தது.

கழுவிடு, என்றேன்.
இன்னும் கால் மணி நேரம் இருக்கு.
போதும்.
கோடை, இது கலரே இல்லை,
கலருக்குப் போகிற வழி.
பஸ்ஸில் மஞ்சள் கயிற்றை இழுக்கிற மாதிரி
ஃபாயிலைப் பிடித்து இழுத்தேன்.

கலந்து வைத்திருந்த டோனர் கிண்ணத்தைப் பார்த்தாள்.
அதற்கும் சேர்த்துத்தான் பில் போட்டாள்.
நியாயம்தான்.

காரை எடுக்குமுன் தொப்பியை மாட்டினேன்.
பால் வாங்கிட்டு வா, என்று குணாளனின் குறுஞ்செய்தி.
கடைக்குள் ஹீட்டர் அனல்.
தொப்பியைக் கழற்றியதும்
வறண்ட காற்றில் மின்சாரம் பிடித்து
கறுப்பை அப்படியே விட்டுவிட்டு
செம்பட்டை மட்டும்
ஒவ்வோர் இழையாக எழுந்து நின்றது.

வரிசையில் பின்னால் ஒரு பொடியன், மூன்று வயதிருக்கும்,
கடித்துக்கொண்டிருந்த கையுறையைத் துப்பிவிட்டு
விரல் நீட்டினான்.

நான் படிய வைக்கவில்லை.
இரண்டு சதவீதப் பால், நாலு லிட்டர்.
பை வேண்டாம்.